எடை குறைந்த சாளர மேலாளர்

எடை குறைந்த சாளர மேலாளர் என்பது லினக்ஸ் முதலான யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில், குறைந்த நினைவகத்தையும் குறைந்த செயலித் திறனையும் கொண்டு திரையிலுள்ள சாளரங்களை நிர்வகிக்கும் மென்பொருள் ஆகும். சாளரங்களுக்குச் சட்டமும் தலைப்புப் பட்டையும் இடுதல், அவற்றை நகர்த்துதல், அளவு மாற்றுதல், சுருக்குதல், விசைப்பலகை உள்ளீட்டை எந்தச் சாளரம் பெறும் எனத் தீர்மானித்தல் ஆகியன இதன் பணிகள். ஓப்பன்பாக்ஸ், ஃபுளக்ஸ்பாக்ஸ், ஐஸ்டபிள்யூஎம், ஜேடபிள்யூஎம், ஐ3 ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை.

முழுமையான பணிச்சூழல்களைத் தாங்க இயலாத பழைய கணினிகளைத் தொடர்ந்து பயன்படுத்த இவை உதவுகின்றன. பொதுவாக நினைவகப் பயன்பாட்டைக் கொண்டே இவை ஒப்பிடப்படுகின்றன. தமிழ்ப் பயனருக்கு வேறு இரண்டு அளவுகோல்களும் முக்கியமானவை. ஒன்று, சாளரத் தலைப்பில் தமிழ் எழுத்துகள் சிதையாமல் தோன்றுகின்றனவா என்பது. மற்றொன்று, தமிழில் தட்டச்சு செய்ய இயலுகிறதா என்பது.

சாளர மேலாளரும் பணிச்சூழலும்

ஜிநோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ போன்றவை பணிச்சூழல்கள். கோப்பு மேலாளர், பணிப்பட்டை, அமைப்புகளை மாற்றும் கருவிகள், அறிவிப்புகள், மின்கல மேலாண்மை, திரைப்பூட்டு எனப் பல மென்பொருட்களின் தொகுதி பணிச்சூழல் ஆகும். அத்தொகுதியின் ஓர் உறுப்பே சாளர மேலாளர். எக்ஸ்எஃப்சிஈயின் சாளர மேலாளர் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 எனவும், கேடிஈயின் சாளர மேலாளர் கேவின் எனவும் அழைக்கப்படுகின்றன.

எடை குறைந்த சாளர மேலாளரைத் தனியே இயக்கும்போது மற்ற உறுப்புகள் பெரும்பாலும் தாமாகத் தொடங்குவதில்லை. நினைவகம் மிச்சமாவதற்கு முதன்மையான காரணம் இதுவே. ஓப்பன்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் போன்றவை சில மெகாபைட்டுகள் முதல் சில பத்து மெகாபைட்டுகள் வரையே எடுத்துக்கொள்கின்றன. முழுப் பணிச்சூழல் ஒன்று பல நூறு மெகாபைட்டுகளை எடுத்துக்கொள்ளக்கூடும்.

செயல்படும் முறை

எக்ஸ் சாளர முறைமையில் திரையையும் விசைப்பலகையையும் சுட்டியையும் எக்ஸ் வழங்கி கையாளுகிறது. உலாவி, முனையம் போன்ற செயலிகள் அதன் வாங்கிகளாக இயங்குகின்றன. சாளர மேலாளரும் ஒரு வாங்கியே. ஆயினும் அது வேர்ச்சாளரத்தின் மீது ஒரு சிறப்பு உரிமையைக் கேட்டுப் பெறுகிறது. அதன்பின் எந்தச் செயலி புதிய சாளரத்தைத் திறக்க முயன்றாலும், வழங்கி அக்கோரிக்கையை முதலில் சாளர மேலாளரிடம் அனுப்பும். மேலாளர் அதற்கு இடமும் அளவும் தீர்மானித்து, சட்டமிட்டுத் திரையில் வைக்கும்.

இச்சிறப்பு உரிமையை ஒரு நேரத்தில் ஒரு வாங்கி மட்டுமே பெற முடியும். எனவே ஒரே திரையில் இரு சாளர மேலாளர்கள் சேர்ந்து இயங்குவதில்லை. மறுபுறம், சாளர மேலாளர் ஒரு தனி வாங்கியாக இருப்பதால், மற்ற செயலிகளை மாற்றாமலேயே ஒன்றை நீக்கி வேறொன்றை அமர்த்தலாம். லினக்சில் இத்தனை சாளர மேலாளர்கள் தோன்றியதற்கு இக்கட்டமைப்பே காரணம்.

வரலாறு

எக்ஸ் சாளர முறைமை 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. இன்றும் வழங்கும் அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வெளியானது. அதே ஆண்டில் டாம் லாசுட்ரேஞ்சு எழுதிய சாளர மேலாளர், பின்னர் டேப் விண்டோ மேனேஜர் என்னும் பெயரில் எக்சுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. ராபர்ட் நேஷன் 1993இல் எஃப்விடபிள்யூஎம் என்னும் மேலாளரை உருவாக்கினார். மார்க்கோ மாச்செக் 1997இல் ஐஸ்டபிள்யூஎம் மேலாளரை உருவாக்கினார்.

பிராட்லி ஹியூஸ் எழுதிய பிளாக்பாக்சிலிருந்து 2001இல் ஃபுளக்ஸ்பாக்ஸ் கிளைத்தது. ஓப்பன்பாக்சும் தொடக்கத்தில் பிளாக்பாக்சை அடிப்படையாகக் கொண்டிருந்தது. பின்னர் அதன் 3ஆம் பதிப்பு முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. 2006இல் தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ தொடங்கிய எல்எக்ஸ்டிஈ என்னும் எடை குறைந்த பணிச்சூழல் ஓப்பன்பாக்சையே தன் சாளர மேலாளராகக் கொண்டது.

வகைகள்

- அடுக்கு வகை: சாளரங்கள் மேசைமேல் வைத்த தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். ஓப்பன்பாக்ஸ், ஃபுளக்ஸ்பாக்ஸ், ஐஸ்டபிள்யூஎம், ஜேடபிள்யூஎம் இவ்வகையின. ஐஸ்டபிள்யூஎம், ஜேடபிள்யூஎம் ஆகியன பணிப்பட்டையுடனும் தொடக்கப் பட்டியுடனும் வருவதால், விண்டோசில் பழகியோருக்கு எளியவை.
- ஓட்டு வகை: தரையில் பதித்த ஓடுகளைப் போலச் சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் திரையைப் பங்கிட்டுக்கொள்ளும். பெரும்பாலும் விசைப்பலகை வழியாகவே இயக்கப்படும். மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் 2009இல் தொடங்கிய ஐ3 இவ்வகையைச் சேர்ந்தது.
- இயங்கு வகை: அடுக்கு, ஓட்டு ஆகிய இரு முறைகளுக்கும் இடையே மாறக்கூடியவை. 2006இல் வெளியான டைனமிக் விண்டோ மேனேஜர் இதற்கு எடுத்துக்காட்டு. இதில் அமைப்பை மாற்ற வேண்டுமானால் மூலநிரலைத் திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தேவை

தமிழ்நாட்டில் லினக்ஸ் அரசு அலுவலகங்கள் வழியாகவும் மாணவர்கள் வழியாகவும் பரவியது. 2005இல் சென்னையில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கப்பட்டது. உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையமான சி-டாக்கின் சென்னைப் பிரிவும், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இதில் பங்கேற்றன. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. ஜிநோம் அதன் பணிச்சூழலாக அமைந்தது. அக்காலத்தில் மாநில அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளைச் சூசே லினக்சிற்கு மாற்றியது.

2011 செப்டம்பர் 15 அன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அம்மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய காவிரிப் படுகை மாவட்டங்களில், உழவர் குடும்பங்கள் பலவற்றின் முதல் கணினி இவ்வாறு வந்ததே. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்றதை ஒட்டி, தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்சிற்கு மாறும்படி அறிவுறுத்தியது.

திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகள் பத்தாண்டுகளைக் கடந்துவிட்டன. விண்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் இத்தகைய பழைய கணினிகளில் இல்லை. இன்றைய ஜிநோமும் அவற்றில் தடுமாறும். திரை, விசைப்பலகை, வன்தட்டு ஆகியன இயங்கும் நிலையில் இருந்தும் மென்பொருளின் எடையால் மூலையில் கிடக்கும் கணினியை மீண்டும் படிப்பிற்கும் கணக்கிற்கும் பயன்படுத்த முடியுமா என்பதே இங்கு எழும் கேள்வி. எடை குறைந்த சாளர மேலாளர் அதற்கான வழிகளுள் ஒன்று.

தமிழ் எழுத்துகளைக் காட்டுதல்

தலைப்புப் பட்டையில் தோன்றும் எழுத்துகளைப் பொதுவாகச் செயலி வரைவதில்லை. சாளர மேலாளரே வரைகிறது. எனவே உலாவியிலும் கோப்பு மேலாளரிலும் தமிழ் சரியாகத் தெரியும் கணினியிலும் தலைப்புப் பட்டையில் அது சிதையலாம்.

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகின்றன. "நெல்" என்னும் சொல்லில் முதலில் நகரமும் அதன்பின் கொம்பும் சேமிக்கப்படும். திரையிலோ கொம்பு முதலில் வர வேண்டும். "கொள்முதல்" என்பதன் முதல் எழுத்தில் ககரத்தின் முன் கொம்பும் பின் காலும் இட வேண்டும். "குறுவை" என்பதிலுள்ள கு, று ஆகியவற்றுக்குத் தனி வடிவங்களை எழுத்துருவிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வேலை எழுத்து வடிவமைத்தல் எனப்படும். அதற்கெனத் தனி நிரலகம் தேவை. லினக்சில் பாங்கோ என்னும் நிரலகம் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அனைத்து என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும், மொழி என்னும் பொருளுடைய சப்பானியச் சொல்லையும் இணைத்து அதற்குப் பெயரிடப்பட்டது.

எடையைக் குறைக்க விரும்பும் மேலாளர்கள் சில பாங்கோவைத் தவிர்க்கின்றன. இந்நோக்கில் அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

- எக்சின் பழைய எழுத்துரு முறையைப் பயன்படுத்துபவை: டேப் விண்டோ மேனேஜர். ஒருங்குறித் தமிழுக்கு ஏற்றதல்ல.
- எக்ஸ்எஃப்டி நிரலகத்தை மட்டும் பயன்படுத்துபவை: ஃபுளக்ஸ்பாக்ஸ், டைனமிக் விண்டோ மேனேஜர். எழுத்துகள் வழவழப்பாகத் தோன்றும். ஆனால் சேமித்த வரிசையிலேயே வரையப்படும். "நெல்" என்பதில் நகரம் தனித்து நிற்க, கொம்பு லகரத்தோடு சேர்ந்ததுபோல் தெரியும்.
- பாங்கோவைப் பயன்படுத்துபவை: ஓப்பன்பாக்ஸ், எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4, ஐ3. தமிழ் எழுத்துரு ஒன்று நிறுவப்பட்டிருந்தால் எழுத்துகள் சரியாக அமையும்.

இச்சிக்கல் ஒருங்குறிக்கு முன் இந்த வடிவில் இருந்ததில்லை. 1990களில் பயன்பட்ட தஸ்கி குறிமுறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. கொம்பு முதலிலும் மெய் அடுத்தும் வந்தன. உகர, ஊகார வடிவங்களுக்குத் தனிக் குறிகள் இருந்தன. எனவே வடிவமைத்தல் அறியாத மேலாளரும் தஸ்கி எழுத்துருவைக் கொண்டு தமிழ்த் தலைப்பைக் காட்ட இயன்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறி தரும் டேஸ்16 குறிமுறையையும், ஒருங்குறியையும் தமிழக அரசு 2010இல் தரமாக ஏற்றது. நடைமுறையில் ஒருங்குறியே நிலைத்தது. தேடுதல், வரிசைப்படுத்துதல், உலகளாவிய பயன்பாடு ஆகியவற்றில் அதனால் பெரும் நன்மை விளைந்தது. எழுத்தை வடிவமைக்கும் சுமை மட்டும் எழுத்துருவிலிருந்து மென்பொருளுக்கு மாறியது.

ஒரு மேலாளரைச் சோதிக்க, "குறுவை நெல் கொள்முதல்" என்னும் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, கோப்பு மேலாளரில் திறந்து பார்த்தாலே போதும். "தஞ்சைப் பெரிய கோயில்" என்பதும் பொருத்தமான சொற்றொடர். ஐகாரம், எகரம், ஓகாரம் ஆகிய மூன்றின் குறியீடுகளும் அதில் உள்ளன. சாளரத்தின் உள்ளே சரியாகவும் தலைப்புப் பட்டையில் சிதைந்தும் தோன்றினால், குறை பெரும்பாலும் சாளர மேலாளருடையது. இரு இடங்களிலும் வெற்றுக் கட்டங்கள் தோன்றினால், தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை எனக் கொள்ளலாம். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியன கட்டற்ற எழுத்துருக்கள்.

தமிழ் உள்ளீடு

பணிச்சூழல்களில் உள்ளீட்டு முறைக்கான மென்பொருள் புகுபதிகையின்போதே தொடங்கிவிடும். தனித்த சாளர மேலாளரில் அவ்வாறு நிகழும் என உறுதி கூற இயலாது. ஐபஸ் என்னும் உள்ளீட்டுச் சட்டகத்தைப் பயன்படுத்துவோர், அதன் பின்னணிச் செயலியைத் தொடக்கக் கோப்பில் சேர்க்க வேண்டும். செயலிகள் ஐபசைப் பயன்படுத்துமாறு சூழல் மாறிகளையும் அமைக்க வேண்டும். ஓப்பன்பாக்சில் இதற்கென ஒரு தானியங்கு தொடக்கக் கோப்பு உண்டு. ஃபுளக்ஸ்பாக்சிலும் அதற்கு இணையான கோப்பு உள்ளது.

எம்17என் தொகுப்பை ஐபசுடன் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முதலிய விசைப்பலகை அமைப்புகள் கிடைக்கும். நினைவகம் மிகக் குறைந்த கணினிகளில் ஐபசைத் தவிர்த்து, எக்ஸ் விசைப்பலகை நீட்சியிலுள்ள தமிழ் அமைப்புகளை நேரடியாகவும் பயன்படுத்தலாம்.

சோதித்துப் பார்க்கும் முறைகள்

இருக்கும் பணிச்சூழலை நீக்காமலேயே புதிய சாளர மேலாளர் ஒன்றைச் சோதிக்கலாம்.

1. நேரடி ஊடகம்: வன்தட்டைத் தொடாமல் யூஎஸ்பி நினைவியிலிருந்து இயக்கலாம். பப்பி லினக்சில் ஜேடபிள்யூஎம், ஆன்டிஎக்சில் ஐஸ்டபிள்யூஎம், பன்சன்லேப்சில் ஓப்பன்பாக்ஸ் ஆகியன பயன்படுகின்றன.
2. புகுபதிகைத் திரை: பொதி மேலாளர் வழியாக ஓப்பன்பாக்சை நிறுவியபின், புகுபதிகைத் திரையின் அமர்வுப் பட்டியலில் அதன் பெயர் சேர்ந்துவிடும். அடுத்த முறை பழைய பெயரைத் தேர்ந்தால் பழைய பணிச்சூழலே திரும்பும்.
3. உள்ளமை வழங்கி: ஸெஃபிர் என்னும் மென்பொருள் ஒரு சாளரத்திற்குள் இன்னொரு எக்ஸ் வழங்கியை இயக்கும். அதற்குள் புதிய மேலாளரை இயக்கிப் பார்க்கலாம். பள்ளி ஆய்வகங்களில் செய்து காட்ட இது ஏற்றது.
4. இயங்கும்போதே மாற்றுதல்: மாற்றீட்டு விருப்பத்துடன் ஓப்பன்பாக்சை முனையத்தில் இயக்கினால், எக்ஸ்எஃப்சிஈ போன்ற சூழலில் இருக்கும் மேலாளரின் இடத்தை அது பெறும். ஜிநோமின் 3ஆம் பதிப்பு முதல் மேலாளரும் பணிச்சூழலும் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளதால், அங்கு இம்முறை பொருந்தாது.

ஓப்பன்பாக்ஸ் முதன்முறை தொடங்கும்போது வெற்றுத் திரை மட்டுமே தோன்றலாம். இது பழுதன்று. திரையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் பட்டி விரியும். வெளியேறும் வழியும் அதிலேயே உள்ளது.

கவனிக்க வேண்டியவை

- மின்கலக் காட்டி: தனித்த சாளர மேலாளரில் மின்கல அளவு தோன்றாமல் போகலாம்; குறையும்போது எச்சரிக்கையும் வராமல் போகலாம். தமிழகத்தில் 2008 முதல் சில ஆண்டுகள் நீண்ட மின்வெட்டு நிலவியது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின், காவிரிப் படுகையின் சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. மின்சாரம் தடைபடக்கூடிய இடங்களில் இக்காட்டியை முதலிலேயே சேர்ப்பது நன்று. டின்ட்2 என்னும் பணிப்பட்டையில் இவ்வசதி உண்டு.
- பிணைய இணைப்பு: கம்பியில்லாப் பிணையத்தைத் தேர்ந்தெடுக்கும் குறுஞ்செயலியைத் தொடக்கக் கோப்பில் சேர்க்க வேண்டும்.
- திரைப்பூட்டு: பலர் பயன்படுத்தும் கணினியில் திரைப்பூட்டு மென்பொருள் ஒன்றைத் தனியே நிறுவ வேண்டும்.
- யூஎஸ்பி நினைவி: தானாக இணைக்கப்படாது போகலாம். பிசிமேன்எஃப்எம் போன்ற கோப்பு மேலாளர் இதைக் கவனித்துக்கொள்ளும்.

இவை அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மிச்சமான நினைவகத்தில் ஒரு பகுதி மீண்டும் செலவாகும். தாமாக இணைக்க விரும்பாதோர், இவை சேர்ந்தே வரும் எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஈயைத் தேர்ந்தெடுக்கலாம்.

வரையறைகள்

சாளர மேலாளரை மாற்றுவதால் கணினியின் எல்லா மந்தநிலையும் நீங்கிவிடாது. இன்றைய இணையப் பக்கம் ஒன்றே பல நூறு மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். அதன்முன் மேலாளர்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு சிறிது. 2 கிகாபைட் நினைவகமுடைய கணினியில் உரை எழுதுதல், விரிதாள், நிரல் எழுதப் பழகுதல் ஆகியன இலகுவாக நடைபெறும். உலாவியில் பல பக்கங்களை ஒருசேரத் திறந்தால் எந்த மேலாளரும் உதவாது. சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகத் திண்ம நிலைத் தட்டைப் பொருத்துவது பல வேளைகளில் கூடுதல் வேகம் தரும்.

செயலியின் வகையும் முக்கியமானது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. 64 பிட் செயலி கொண்ட பழைய கணினிகளுக்கு இத்தடை இல்லை.

வேலாண்ட்

2008இல் தொடங்கப்பட்ட வேலாண்ட் நெறிமுறை, லினக்ஸ் பணிச்சூழல்களில் எக்சின் இடத்தைப் படிப்படியாகப் பெற்று வருகிறது. இதில் வழங்கியும் சாளர மேலாளரும் ஒரே மென்பொருளாக, கலவையாக்கி என்னும் பெயரில் அமைகின்றன. எக்சுக்கு எழுதப்பட்ட சாளர மேலாளர்களை இதில் அப்படியே இயக்க முடியாது. ஓப்பன்பாக்சைப் பின்பற்றி லேப்டபிள்யூசி என்னும் எடை குறைந்த கலவையாக்கி உருவாக்கப்பட்டுள்ளது. ராஸ்பெரி பை கணினிக்கான இயங்குதளம் 2024 அக்டோபரில் அதற்கு மாறியது. ஐ3 முறையைப் பின்பற்றுவது ஸ்வே. லேப்டபிள்யூசியும் ஸ்வேயும் பாங்கோவைப் பயன்படுத்துவதால், தமிழ்த் தலைப்புகள் அவற்றிலும் முறையாகத் தோன்றும்.

இவற்றையும் பார்க்க

- எக்ஸ் சாளர முறைமை
- பணிச்சூழல்
- பாஸ் லினக்ஸ்
- தமிழ்99
- ஒருங்குறி
- கட்டற்ற மென்பொருள்